தாமான் வீட்டுக் குசினிக்குக் கதவு எதற்கு?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு வாங்குகிறவர் சாவி கைக்கு வந்ததும் குத்தகையாளரிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று நிச்சயம் இருக்கும்: "குசினிச் சுவரை எடுத்துவிட்டால் வீடு பெரிசாத் தெரியுமா?" தெரியும். ஹாலில் நின்றுகொண்டு பின்கதவு வரை 36 அடி தடையில்லாமல் பார்க்க முடிந்தால் எந்த வீடும் பெரிதாகத்தான் தெரியும். மிளகாய் தாளிக்கும் நேரத்தில் அந்த 36 அடியும் குசினியாகிவிடும் என்பதை மட்டும் யாரும் அப்போது சொல்வதில்லை.

இந்தப் பக்கத்து மாடியில்லா வரிசை வீடு பெரும்பாலும் 20 அடி அகலமும் 60 முதல் 70 அடி ஆழமும் உள்ள மனையில் நிற்கிறது. 20க்கு 70 என்றால் முன்னால் கார் நிறுத்த ஏறக்குறைய 20 அடி, வீடு 40 அடி, பின்னால் 10 அடி கொல்லை, அதற்கும் பின்னால் சந்து. வீட்டுக்குள் ஒரு பக்கம் மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். மறுபக்கம் ஹால், சாப்பிடும் இடம், குசினி மூன்றும் 10 அடி அகலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இடமும் வலமும் அடுத்த வீட்டோடு பொதுச் சுவர். ஆகவே காற்றும் வெளிச்சமும் முன்வாசல் வழியாக வரவேண்டும், அல்லது கொல்லை வழியாக வரவேண்டும். வேறு வழியே கிடையாது. ஓர வீட்டுக்காரர்களுக்குப் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க இடம் இருப்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கலில் பாதி குறைந்துவிடும். மற்றவர்களுக்கு எந்தச் சுவரை எடுத்தாலும் எந்தக் கூரையை நீட்டினாலும் அது இந்த இரண்டு வாசல்களில் ஒன்றைத்தான் போய்த் தொடும்.

சுருக்கமாகச் சொன்னால், ஹாலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே சுவர் வைப்பதில் பயனில்லை. மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே சுவரும் மூடக்கூடிய கதவும் இல்லாமல் நம் சமையலைச் செய்ய முடியாது. இந்த இரண்டு சுவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் செலவு வீணாகிறது.

லயத்திலும் பங்களாவிலும் குசினி பின்னால்தான்

ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் குசினி ஏன் பின்னால் தள்ளி இருந்தது என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரப்பர் விறகு எரியும் அடுப்பு, பலகைச் சுவர், பக்கத்திலேயே அடுத்த குடும்பம். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் வரிசையே போய்விடும். முன்னால் தாழ்வாரம், நடுவில் படுக்கும் அறை, பின்னால் குசினி, அதற்குப் பின்னால் தண்ணீர் வடியும் காண் என்ற அமைப்பு புகையையும் தீயையும் கழிவுநீரையும் ஒரே பக்கம் ஒதுக்கியது. துரை பங்களாவிலும் இதே கணக்குதான். பெரிய வீட்டிலிருந்து பிரிந்த சமையற்கட்டு, இரண்டையும் சேர்க்கும் கூரை போட்ட நடைபாதை. துரைக்குச் சமைத்தவர் வேறு, சாப்பிட்டவர் வேறு என்பதால் அந்த நடைபாதை எத்தனை அடி நீளம் என்று யாரும் கவலைப்படவில்லை. லயத்துப் பெண்களோ விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து அந்தக் குசினியில் சமைத்துவிட்டுத்தான் பால்வெட்டுக்குப் போனார்கள்.

திறந்த அமைப்பு வேறு ஊர்களின் தேவையிலிருந்து வந்தது. 1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.44 மீட்டர். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கணக்குப் பார்த்து அலமாரியும் தொட்டியும் அடுப்பும் வைக்கப்பட்ட அந்த அறை ஏறக்குறைய 10,000 வீடுகளுக்குப் போனது. அதற்கும் ஒரு தள்ளுகதவு இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். சமைக்கும்போதே பக்கத்து அறையில் விளையாடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், வேண்டியபோது மூடலாம். அமெரிக்காவில் பிராங்க் லாயிட் ரைட் 1930களில் கட்டிய சிறிய வீடுகளில்தான் சமையலிடம் சாப்பாட்டு இடத்தோடு கலந்தது. வீட்டு வேலைக்கு ஆள் வைக்க முடியாத நடுத்தரக் குடும்பம், குளிர்நாடு, 'ஓவன்' அடுப்பில் வேகும் உணவு. இந்த மூன்றும் சேர்ந்தால் அது நல்ல அமைப்பு. சுங்கை சிப்புட்டில் முதலாவது மட்டும்தான் பொருந்துகிறது.

சாப்பாட்டு அறைக்குத் தனிச் சுவர் ஏன் வேண்டாம்

ஆறு பேர் உட்காரும் மேசை 5 அடிக்கு 3 அடி. நாற்காலியை இழுத்து உட்காரவும் பின்னால் ஒருவர் கடந்து போகவும் ஒவ்வொரு பக்கமும் 3 அடி வேண்டும். ஆக 11 அடிக்கு 9 அடி. 10 அடி அகலப் பகுதியில் இதற்குச் சுவர் எழுப்பினால் அந்த அறை குசினிக்குப் போகும் நடைபாதையாகவும் இருந்தாகவேண்டும். சாப்பிடுகிறவர் முதுகை உரசிக்கொண்டுதான் தட்டு போகும். அதோடு அது வீட்டின் நடுப்பகுதி. முன் ஜன்னலுக்கும் தூரம், பின் ஜன்னலுக்கும் தூரம். சுவர் வைத்தால் பகலிலும் விளக்கு எரியும்.

சுவரை எடுத்தால் நாற்காலிக்கான 3 அடியும் நடக்கும் 3 அடியும் ஒன்றாகிவிடும். அந்த ஒரு சுவரில் மட்டும் 30 சதுர அடிக்கு மேல் கிடைக்கிறது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, நிச்சயதார்த்தம், வீட்டில் ஒரு துக்கம் என்று 40 பேர் வந்து நிற்கும் நாள்களில் அந்த இடம்தான் கைகொடுக்கும். புதிய தாமான்களில் மேம்பாட்டாளரே ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் ஒன்றாகத்தான் கட்டித் தருகிறார். பழைய வீட்டில் நடுவில் அலங்கார வளைவோ பாதிச் சுவரோ இருந்தால் அதை எடுப்பதில் இழப்பு ஏதும் இல்லை. அது எதையும் தாங்கவில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும். அதைக் கீழே பார்ப்போம்.

புகை எங்கே போகிறது

அடுத்த சுவருக்கு வருவோம். சூடான எண்ணெயில் கடுகும் காய்ந்த மிளகாயும் விழும்போது எழுவது வெறும் வாசனை மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள், மிளகாயின் காரப்பொருள், நீராவி, கேஸ் சுடரிலிருந்து வரும் நைட்ரஜன் டைஆக்சைடு எல்லாம் கலந்து மேலே போகின்றன. எண்ணெய் புகைய ஆரம்பித்தால் தொண்டையைக் கரகரக்கச் செய்யும் அக்ரோலினும் சேரும். உயர் வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010இல் '2ஏ' வகையில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளவற்றில் சேர்த்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளையோ இருமும் பெரியவரோ வீட்டில் இருந்தால் இதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படாது. ஒரு முறை கருவாடு வறுத்தால் தெரிந்துவிடும்.

இப்போது கணக்கு. 10 அடிக்கு 9 அடி குசினி, 10 அடி உயரம் என்றால் 900 கன அடி, ஏறக்குறைய 25 கன மீட்டர். சுவரை எடுத்து 36 அடி நீளத்துக்கும் திறந்துவிட்டால் 3,600 கன அடி, அதாவது சுமார் 102 கன மீட்டர். அடுப்புக்கு மேல் மாட்டிப் புகையை இழுக்கும் ஹூட், மணிக்கு 1,000 கன மீட்டர் இழுப்பதானால், மூடிய குசினியின் காற்றை மணிக்கு 40 முறை மாற்றும். திறந்த வீட்டில் அதே ஹூட் 10 முறைகூட மாற்றாது. பெட்டியில் அச்சிட்ட அந்த 1,000 என்ற எண்ணும் குழாய் மாட்டாத நிலையில் அளந்தது. குழாய் நீளமும் வளைவும் கூடக் கூட அது இறங்கிக்கொண்டே போகும்.

திறந்த குசினியில் ஹூட் தோற்பதற்கு இன்னொரு காரணம் சீலிங் விசிறி. புகை மேலே ஏறும் வேகம் மிகக் குறைவு. மேசைக்கு மேல் சுழலும் விசிறியின் காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். ஹூட்டின் வாய்க்குள் போகவேண்டியது ஹாலுக்குப் போகும். ஆறு மாதம் கழித்து விசிறி இறக்கையின் மேல்பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால் பிசுபிசுப்பான பழுப்பு எண்ணெய் இருக்கும். சாமி படங்களின் கண்ணாடியிலும் அதே படலம்தான். ஏர்கான் இருக்கும் ஹால் என்றால் இன்னும் மோசம்: எண்ணெய்த் துளிகள் அதன் உள் சுருளில் படிந்து, தூசியும் ஒட்டி, காற்றோட்டம் அடைபட்டு, நீர் சொட்ட ஆரம்பிக்கும். 1 குதிரைத்திறன் ஏர்கான் சுமார் 9,000 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு). மூடிய படுக்கையறைக்கு அது போதும். குசினி வரை திறந்த 360 சதுர அடியைக் குளிர வைக்கவேண்டுமானால் சதுர அடிக்கு 65 பிடியூ என்ற வழக்கமான கணக்கில் 23,000க்கு மேல், அதாவது 2.5 குதிரைத்திறன் வேண்டும். அடுப்பின் சூடு இதில் சேரவே இல்லை.

மழையையும் மறக்கக்கூடாது. மேற்குக் கரையில் ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் கொட்டும். இரவுச் சமையல் தொடங்கும் நேரமும் அதுவே. சாரல் அடிக்கிறது என்று பின்பக்கத் தள்ளு ஜன்னலை இழுத்து மூடினால் புகைக்கு மிஞ்சுவது ஹால் மட்டும்தான். பழைய வீடுகளில் இருந்த கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னலைப் பலர் அழகில்லை என்று கழற்றிப் போடுகிறார்கள். சாய்த்துத் திறந்தால் மழை உள்ளே வராமல் காற்று போகும் ஜன்னல் அது. குசினிக்கு அதைவிட ஏற்ற ஜன்னல் அந்த விலையில் கிடையாது.

கேஸ் விஷயம் தனி. தோங்கில், அதாவது கேஸ் சிலிண்டரில், இருக்கும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவும். திறந்த வீட்டில் அது தடையின்றி ஹாலுக்குப் போகும். அங்கே சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம். மூடிய குசினியில் கசிவு ஓரிடத்தில் அடர்த்தியாகச் சேரும் என்பதும் உண்மை. அதனால் மூடிய குசினியின் வெளிச்சுவரில் தரையை ஒட்டித் துளைக் கற்கள் வைக்கவேண்டும், தோங் வெளியே இருக்கவேண்டும். ரப்பர் குழாயை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்; வெடிப்போ இறுக்கமோ தெரிந்தால் அதற்கு முன்பே. இண்டக்சன் அடுப்புக்கு மாறினால் கேஸ் சுடரின் வாயுக்கள் போகும், எண்ணெய்ப் புகை போகாது. "இண்டக்சன் வாங்கிவிட்டோம், சுவரை எடுத்துவிடலாம்" என்பது பாதி உண்மையை வைத்து எடுக்கும் முடிவு.

ஹூட் மாட்டும்போது

சுவர் இருந்தாலும் ஹூட் வேண்டும், ஆனால் சரியாக மாட்டவேண்டும். கேஸ் அடுப்பின் மேற்பரப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம். அதற்கு மேல் போனால் புகை பக்கவாட்டில் தப்பும், கீழே வந்தால் பெரிய குவாலியின் (வாணலியின்) சூடு வடிகட்டியைத் தாக்கும். ஹூட்டின் அகலம் அடுப்பின் அகலத்தைவிடக் குறையக்கூடாது. குழாய் 6 அங்குல விட்டம், முடிந்தவரை நேராகப் பின்சுவரைத் துளைத்து வெளியே. மடங்கும் அலுமினியக் குழாயைத் தளர்த்தி வளைத்துவிட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தேங்கும்.

அடிக்கடி காணும் தப்பு ஒன்று: குழாயின் முனையைச் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் விட்டுவிடுவது. வெளியிலிருந்து பார்க்க அழகாக இருக்கும். உள்ளே சில ஆண்டுகளில் கூரைக் கட்டையும் சீலிங் பலகையும் எண்ணெய் குடித்துக் கருத்து நிற்கும், எலியும் கரப்பானும் குடியேறும், தீப்பிடித்தால் அணைப்பது கடினம். கரி வடிகட்டி போட்டுக் காற்றைத் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும் ஹூட் நீராவியையும் கேஸ் வாயுவையும் எடுக்காது. கரியை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வாசனையையும் எடுக்காது.

ஹூட் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாகவேண்டும். குசினிக் கதவை மூடி ஜன்னலையும் மூடிவிட்டு ஹூட்டை ஓட்டினால் சத்தம்தான் வரும், இழுக்காது. கதவின் அடியில் 1 அங்குல இடைவெளியோ, அடுப்புக்கு எதிர்ப்பக்கம் சற்றே திறந்த ஜன்னலோ வேண்டும். அடுப்புக்கு நேர்ப்பின்னால் ஜன்னல் வைத்தால் காற்று சுடரை அணைக்கும், புகையை முகத்தில் அடிக்கும்.

சுவரில் கை வைக்குமுன்

எந்தச் சுவரானாலும் முதலில் தடிப்பை அளக்கவேண்டும். பூச்சோடு சேர்த்து 6 அங்குலம் வரை இருந்தால் அரைச் செங்கல் சுவர். 10 அங்குலத்துக்கு மேல் என்றால் முழுச் செங்கல், அநேகமாகப் பாரம் தாங்குவது. அரைச் செங்கல் என்பதாலேயே எடுத்துவிடலாம் என்று அர்த்தமில்லை. சீலிங் திறப்பு வழியாக ஏறிப் பாருங்கள்: கூரைக் கட்டை நேராக அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தால் அது தாங்கும் சுவர். சுவருக்கு மேல் சிமெண்டு உத்தரம் ஓடி, இரு முனையிலும் தூண் இருந்தால் சுவர் வெறும் அடைப்பு. பழைய மலிவு விலை வீடுகளில் முதல் வகை இருக்கலாம் என்பதால் அங்கே கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் சுத்தியலை எடுக்கக்கூடாது.

தாங்கும் சுவரில் திறப்பு வைப்பதானால் முறை இதுதான்: முதலில் இருபுறமும் இரும்பு முட்டுக் கொடுத்துக் கூரைப் பாரத்தை ஏற்றவேண்டும். பிறகு உத்தரத்துக்கான பகுதியை மட்டும் உடைத்து, பொறியாளர் சொன்ன அளவில் இரும்பு அல்லது கம்பி கட்டிய சிமெண்டு உத்தரம் வைக்கவேண்டும். முனைகள் இருபுறமும் குறைந்தது 6 அங்குலமாவது சுவரில் உட்காரவேண்டும். கீழ்ச்சுவரை இடிப்பது கடைசியில். சிமெண்டு முழு வலு பெற 28 நாள் ஆகும். ஒரு வாரத்தில் இரும்பு முட்டுகளை எடுத்துவிட்டுப் போகும் ஆள் வேலையைச் சீக்கிரம் முடித்தார் என்று மகிழவேண்டாம். சில மாதத்தில் நடுவில் உத்தரம் தொய்ந்து, ஓடு விலகி, மழை ஒழுகும்.

இதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத இன்னொன்று தரை. பல வீடுகளில் குசினித் தரை சாப்பாட்டு இடத்தைவிட 1 அங்குலம் தாழ்வாக இருக்கும். கழுவும் தண்ணீர் ஹாலுக்கு வராமலிருக்க வைத்த தாழ்வு அது. சுவரை எடுத்ததும் அந்தப் படி நடுவீட்டில் நிற்கும்; பெரியவர்கள் தடுக்கி விழுவார்கள். சிமெண்டு போட்டுச் சமப்படுத்தினால் தண்ணீர் ஹாலுக்கு வரும். சுவர் இருந்த இடத்தில் 6 அங்குலப் பட்டை ஓடில்லாமல் கிடக்கும்; 1990களில் பதித்த ஓடு இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. மொத்தத் தரையையும் மாற்றும் செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அனுமதி விஷயத்தில் சுங்கை சிப்புட் கோல கங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி எழுத்து மூலமான அனுமதியில்லாமல் கட்டவோ கூட்டவோ முடியாது. பின்னால் நீட்டிக் கட்ட வரைபடம் சமர்ப்பிக்கவேண்டும். சந்திலிருந்து எத்தனை அடி விடவேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் ஒப்புதல் வேண்டுமா என்பதைக் கழகத்தின் முகப்பிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பின்னால் இழுத்துக் கட்டும் குசினி

இங்கே பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் வழி 'வெட் கிச்சன், டிரை கிச்சன்' பிரிவுதான். பழைய குசினி சுவர் எடுபட்டுச் சாப்பாட்டு இடத்தோடு சேரும்: கெட்டில், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ், குளிர்பெட்டி அங்கே. கேஸ் அடுப்பு, மீன் கழுவும் தொட்டி, கிரைண்டர், அம்மி எல்லாம் கொல்லையில் கட்டிய புதுக் குசினிக்குப் போகும். யோசனை சரியானது. கெடுவது கட்டும் விதத்தில்.

முதல் தப்பு கொல்லை முழுவதையும் மூடுவது. 20 அடி அகலத்தையும் கூரை போட்டு அடைத்தால் பின் படுக்கையறை ஜன்னல் நேராகக் குசினிக்குள் திறக்கும். வீட்டின் பின் வாசல் காற்று நின்றுவிடும், டிரை கிச்சன் பகலிலேயே இருட்டாகும். 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைச்சட்டங்கள் ஒரு குடியிருப்பு அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடாவது ஜன்னல், 5 விழுக்காடாவது தடையின்றிக் காற்று வரும் திறப்பு வேண்டும் என்கின்றன. இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் காற்றுக்கிணறு, அதாவது காற்றுக்காக வானம் பார்க்கத் திறந்த இடம், விட்டால் அது 7 சதுர மீட்டருக்கும் எந்தப் பக்கமும் 2.5 மீட்டருக்கும் குறையக்கூடாது. இதைக் கொல்லைக்குப் பொருத்திப் பாருங்கள்: 20க்கு 10 அடியில் படுக்கையறைப் பக்கம் 8 அடி 3 அங்குலத்தை வானம் பார்க்க விட்டால் 82 சதுர அடி, அதாவது 7.6 சதுர மீட்டர். விதியும் நிறைவேறும், அறைக்கு ஜன்னலும் மிஞ்சும், துணி காயப்போட இடமும் ஆகும். எஞ்சிய 11 அடி 9 அங்குலத்துக்கு 10 அடி குசினி எந்தச் சமையலுக்கும் தாராளம். அதே விதிகளில் குசினிக்குக் கேட்கப்படும் குறைந்தபட்சப் பரப்பு 4.5 சதுர மீட்டர்தான், சுமார் 48 சதுர அடி.

இரண்டாவது, அடித்தளம். பழைய வீடு தன் அடித்தளத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புதுக் குசினியை வெறும் மண்ணின்மேல் தளம் போட்டுக் கட்டினால் அது தனியாக இறங்கும். இங்கே பல தாமான்கள் தோட்டத்து நிலத்தில் வந்தவை. மண்ணுக்கடியில் விட்டுப்போன மரக்கட்டையும் வேரும் மட்கினால் மேலே உள்ள மண் அமுங்கும். விளைவு எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல், அதன் வழியாக மழைநீர். விரிசலில் சிமெண்டு பூசினால் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் திறக்கும். புதுப் பகுதிக்குத் தனித் தூணும் தனி அடித்தளமும் கொடுத்து, இரண்டுக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விட்டு நெகிழும் பசையால் அடைக்கவேண்டும். கூரை சேருமிடத்தில் பழைய சுவரைக் கீறித் தகடு செருகவேண்டும். பக்கத்து வீட்டுப் பொதுச் சுவரின்மேல் உங்கள் கூரைப் பாரத்தை ஏற்றக்கூடாது.

மூன்றாவது, கழிவுத்தொட்டி. பழைய தாமான்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கழிவுத்தொட்டி உண்டு. அது கொல்லையிலும் இருக்கலாம். அதன் மூடியின்மேல் ஓடு பதித்துவிட்டால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்ச வரும் இண்டா வாட்டர் லாரிக்கு வேலை செய்ய வழியில்லை. அடைத்துக்கொண்ட நாளில் புதுத் தரையை உடைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. பொதுக் குழாயில் இணைந்த வீடானால் கொல்லையில் உள்ள சாக்கடைக் குழி மூடிக்கும் இதே நிலைதான். வரைபடம் போடுமுன் மூடிகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

உள் வேலையில் தரையை டிரை கிச்சனைவிட 1 முதல் 2 அங்குலம் தாழ்த்தி, வடிகுழியை நோக்கி 100க்கு 1 சரிவு கொடுத்தால் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். அலமாரிக்கு மரத்தூள் பலகை வேண்டாம். ஈரம் பட்டு ஊதி ஒரு வருடத்தில் கதவு மூடாது, கறையானுக்கும் அது விருந்து. சிமெண்டு மேடை கட்டி ஓடு பதித்து, கீழே அலுமினியக் கதவு போட்டால் போதும். மேடை உயரம் 85 முதல் 90 சென்டிமீட்டர். ஆனால் முறுக்குப் பிழிந்து பொரிக்கும் பெரிய குவாலிக்கு இன்னொரு தாழ்ந்த அடுப்பு மேடை வேண்டும், 65 சென்டிமீட்டர் அளவில். உயரமான மேடையில் குவாலியை வைத்தால் கொதிக்கும் எண்ணெய் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். தொட்டியிலிருந்து போகும் குழாயில் எண்ணெய் பிரிக்கும் பெட்டி வைத்து வாரம் ஒருமுறை அள்ளிப் போட்டால் காண் அடைக்காது.

குளிர்பெட்டியை வைக்கும் இடம் பலருக்குத் தோன்றுவதில்லை. டிரை கிச்சனின் அந்தக் கோடியில் வைத்தால் ஒவ்வொரு தக்காளிக்கும் 15 அடி நடை. இரண்டு குசினிக்கும் நடுவிலுள்ள கதவை ஒட்டி வையுங்கள்.

அந்தக் கதவைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் மொத்தச் செலவின் பயனும் அதில்தான் நிற்கிறது. கண்ணாடித் தள்ளுகதவு வெளிச்சத்தை விடும், புகையைத் தடுக்கும். கண்ணாடி டெம்பர்டாக இருக்கட்டும். கீழ்த் தண்டவாளத்தில் ஓடும் வகையில் எண்ணெயும் அரிசியும் சேர்ந்து சில மாதத்தில் இறுகிவிடும், அப்புறம் யாரும் மூட மாட்டார்கள். மேலிருந்து தொங்கும் வகை நல்லது. மடிப்புக் கதவின் இடுக்குகள் புகையை விட்டுவிடும். கதவு இருந்தால் வெள்ளிக்கிழமை சாமி மேடையில் ஊதுவத்தி மணமும், யாருக்கோ தனியாகச் சமைக்கும் மீன் வாசனையும் கலக்காமல் இருக்கும். கிரைண்டர் ஓடும்போது ஹாலில் செய்தி கேட்கும்.

இவ்வளவுக்கும் பணம் இல்லாதவர்கள் எதையும் இடிக்காமலேயே நிறையச் செய்யலாம். அடுப்பைப் பின்சுவர் மூலைக்கு நகர்த்தி, அதன் மேல் வெளிச்சுவரில் ஒரு எக்சாஸ்ட் விசிறி வைத்து, குசினிக் கதவின் மேல்பாதிக்குக் கண்ணாடி போட்டாலே வெளிச்சமும் வரும், புகையும் குறையும்.

குத்தகையாளரைக் கூப்பிடுமுன் ஓர் ஊதுவத்தி போதும். இரவுச் சமையல் நேரத்தில் அடுப்பருகே கொளுத்தி வைத்து, முன்கதவு திறந்து, மூடி, ஹால் விசிறி போட்டு, நிறுத்தி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். முன்வாசல் காற்று அதைக் கொல்லைப் பக்கம் தள்ளினால் சுவரில் அகலத் திறப்பு வைத்துக் கதவு போட்டுக்கொள்ளலாம். ஹால் பக்கம் சாய்ந்தால் சுவரைத் தொடாதீர்கள். மழை நாளில் பின் ஜன்னலை மூடியும் ஒருமுறை பாருங்கள். அப்போது மட்டும் புகை திரும்பினால் குசினிக்கு வேண்டியது நாக்கோ ஜன்னல்.